பாரியின் தோழர் கபிலர்

சங்கப் புலவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கபிலர். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மதுரையை அடுத்த திருவாதவூரில் பிறந்தவர் என்பர்.

பறம்பு மலைத் தலைவன் வள்ளல் பாரி அவருடைய உயிர்த்தோழன். சிங்கம்புணரி அருகே உள்ள பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்கிறார்கள்.

கபிலர் அந்தணர். ஆயினும் பாரி வீட்டில் மதுவும் ஆட்டுக்கறிச் சோறும் அவருக்கு விலக்கல்ல. அந்நாளில் யவனர் கப்பல்களில் திராட்சை மது தமிழகம் வந்தது. அதன் சாடிகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. பறம்பிலோ கள்ளும், தேனும், பலாவும், வள்ளிக்கிழங்கும், மூங்கில் அரிசியும் இருந்தன. மலையில் கண்டதை எல்லாம் கபிலர் பாட்டில் வைத்தார். குறிஞ்சிப்பாட்டில் மட்டும் 99 பூக்களின் பெயர்கள் உள்ளன.

அந்த இன்பம் நீடிக்கவில்லை. மூவேந்தர்கள் பறம்பை முற்றுகையிட்டனர். பாரி மாண்டான். அவனுடைய பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, கபிலர் கண்ணீரோடு மலையை விட்டு இறங்கினார். அவர்களை மணந்துகொள்ளும்படி விச்சிக்கோனிடம் கேட்டார். இருங்கோவேளிடம் கேட்டார். காரியம் கைகூடவில்லை. அவர் ஓயவில்லை.

பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு கூறுகிறது. அது முதலாம் இராசராசன் காலத்தது. பெண்ணை ஆற்றில் இன்றும் கபிலர் குன்று இருக்கிறது.

பிழைப்புக்காகத் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்தவர்களுக்கு நண்பர்களே உறவினர். கூடி உண்ட நாள் முடிந்த பின்னும் நட்புக்குக் கடமை உண்டு என்பதற்குக் கபிலர் வாழ்வே சான்று.