பனகல் அரசர்: சீர்திருத்தம் தொடாத நிலம்

தியாகராய நகர்ப் பூங்காவின் பெயராக மட்டுமே பலரும் அறிந்துள்ள பனகல் அரசர், 1866இல் காளஹஸ்தியில் வேலமா ஜமீன் குடும்பத்தில் பிறந்த இராமராயநிங்கார். 1912இல் இம்பீரியல் சட்டசபைக்குள் அவர் நுழைந்ததே நிலவுடைமையாளர்களின் பிரதிநிதியாகத்தான். 1921 ஜூலை முதல் 1926 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தார். முதல் வகுப்புவாரி அரசாணையும், கோயில் சொத்துகளைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டமும் அவர் காலத்தவை. பார்ப்பன ஏகபோகத்தை அசைத்த அப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், அவர் பதவியேற்றபோது பக்கிங்காம் - கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் மோதல் மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்களோ, தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்றனர். இரட்டையாட்சியில் காவல்துறையும் நிலவருவாயும் ஆளுநர் தரப்பிடமே இருந்தன என்பதைச் சட்டம் பயின்ற நாம் மறுக்க முடியாது. ஆனால், கட்சியின் நாவு ஆளுநரிடம் இல்லையே! 1923இல் எம்.சி.ராஜா அக்கட்சியைவிட்டு வெளியேறினார்.

1928 டிசம்பரில் பனகல் அரசர் மறைந்தபோது ஜமீன் முறை அப்படியே இருந்தது. அதை ஒழிக்க 1948இல்தான் சட்டம் வந்தது. அப்போதும் பட்டா குடியானவருக்கே கிடைத்தது. அதே வயலில் கூலிக்கு உழைத்த தலித்துக்கு அல்ல.