கலைமாளிகை எடுத்த தாய்

அமெரிக்கச் சீமாட்டி ஒருவரின் வரலாறு நம் சங்க மலரில் எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பெற்ற மகனைப் பறிகொடுத்த தாயொருத்தி அத்துயரோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பதே இதிலுள்ள செய்தி. அது நமக்கு அயலானதன்று.

இசபெல்லா ஸ்டூவர்ட் அம்மையார் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடியிற் பிறந்தார். 1860இல் பாஸ்டன் நகரத்துச் செல்வர் ஜான் லோவெல் கார்ட்னரை மணந்தார். பரம்பரைப் பெருமையில் ஊறிய அவ்வூரார் புதிதாய் வந்த மருமகளை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1863இல் ஜாக்கி என்னும் ஆண் மகவு பிறந்தது. இரண்டு வயது நிறையுமுன்னரே, 1865 மார்ச்சில், நிமோனியா நோய் அக்குழந்தையைக் கொண்டுபோயிற்று. இனி மகப்பேறு இல்லையென்று மருத்துவரும் கைவிரித்தனர். அம்மையார் ஈராண்டுகள் நோயிலும் மனச்சோர்விலும் கிடந்தார். 1867இல் மருத்துவர் யோசனைப்படி கணவர் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். படுக்கையோடு தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள் என்பர். ருஷியா, வியன்னா, பாரிஸ் எல்லாம் கண்டு திரும்பியபோது உடலும் உள்ளமும் தேறியிருந்தார்.

அதன்பின் அவர் கால்கள் ஓயவில்லை. 1874இல் எகிப்து சென்று, நைல் நதிக் காட்சிகளைத் தம் நாட்குறிப்பில் வர்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். 1875இல் கணவரின் தமையனார் இறக்கவே, தாயும் தந்தையும் அற்ற அவர் புதல்வர் மூவரையும் தாமே வளர்த்தார். 1883இல் தொடங்கிய நெடும்பயணத்தில் ஜப்பான், சீனம், கம்போடியா, ஜாவா ஆகியவற்றைக் கண்டு, நம் பாரத நாட்டிற்கும் வந்தார். பின்னர் வெனிஸ் நகரத்து நீர்க்கரை மாளிகைகளில் அவர் மனம் சிக்கிக்கொண்டது.

1891இல் தந்தை இறந்ததும் பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. பிறர் வைரமும் பட்டும் வாங்கும் பணத்தில் அம்மையார் ஓவியங்களை வாங்கினார். (அவரிடம் முத்துமாலைகளும் இல்லாமலில்லை!) 1892இல் பாரிஸ் ஏலத்தில் வெர்மீரின் இசையரங்கு ஓவியத்தையும், 1896இல் பெரன்ஸன் என்ற கலையறிஞர் வாயிலாக டிஷியனின் ஐரோப்பா ஓவியத்தையும் பெற்றார்.

1898இல் கணவரும் மறைந்தார். இருவரும் கூடிக் கனவு கண்ட கலைமாளிகையை அம்மையார் தனியே எழுப்பினார். புறத்தே வெறும் செங்கற் சுவர். அகத்தேயோ வெனிஸ் மாளிகை போன்ற சாளரங்கள் சூழ்ந்த மலர் முற்றம். நம் நாட்டு முற்றம் வைத்த வீடுகளை அறிந்தோர்க்கு அதன் அழகு சொல்லாமலே விளங்கும். முற்றத்துச் சுவருக்கு வர்ணம் பூசியவர்கள் அவர் கருதிய சாயலைக் கொணராமையால், தாமே ஏணியேறிப் பூசிக் காட்டினார். 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, சிம்பொனி இசையுடன் மாளிகை திறக்கப்பெற்றது. மேல்தளத்தில் அவர் வாழ, கீழ்த்தளங்கள் குறித்த நாள்களில் பொதுமக்களுக்குரியவாயின. 1888இல் ஸ்பெயினில் வாங்கிய, குழந்தையை ஏந்திய மாதாவின் ஓவியத்தை அங்கே ஒரு சிறு வழிபாட்டு அறையில் அமைத்தார். அது யாரை எண்ணிச் செய்தது என்று கூறவும் வேண்டுமோ?

அம்மாளிகைக்கு அண்மையிலுள்ள பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையிலேதான் 1917 முதல் நம் ஆனந்த குமாரசுவாமி பணிபுரிந்தார் என்பதையும் தமிழன்பர்கள் நினைவிற் கொள்க.

1924ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அம்மையார் காலமானார். கணவருக்கும் மகனுக்கும் இடையே அவரை அடக்கம் செய்தனர். தாம் வைத்த பொருள்களின் அமைப்பை மாற்றலாகாது. மாற்றினால் அனைத்தும் ஹார்வர்ட் கல்விக்கழகத்தைச் சேரும் என்பது அவர் எழுதிய உயில். இதனைப் பிடிவாதம் என்பாரும் உளர். குழந்தையின் தொட்டிலை நகர்த்தவொட்டாத தாய்மனம் என்றே எமக்குத் தோன்றுகிறது.

1990 மார்ச் 18ஆம் நாள் விடியுமுன், போலீஸ் உடையணிந்து வந்த இருவர் காவலர்களைக் கட்டிப்போட்டு 13 கலைப்பொருள்களைக் கவர்ந்து சென்றனர். அவற்றுள் வெர்மீர் ஓவியமும், ரெம்பிராண்ட் தீட்டிய கடற்புயற் காட்சியும் அடங்கும். ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தும் ஒன்றேனும் மீளவில்லை. அவை இருந்த இடங்களில் வேறெதையும் மாட்டாமல் வெறும் சட்டங்களையே விட்டுவைத்திருக்கிறார்கள்.