சிவஞான முனிவர்

பொதிய மலையின் அடிவாரத்தில், பாவநாசத்துக்கு அணித்தாக, தாமிரபரணி வளஞ்செய்யும் ஊர் விக்கிரமசிங்கபுரம். திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த அவ்வூரில், புலமை வழிவழியாகத் தழைத்த வேளாளர் குடியொன்றில், ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மையாருக்கும் மகனாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தவர் சிவஞான முனிவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் முக்களாலிங்கர் என்பதாகும்.

ஒரு நாள் பள்ளியினின்று திரும்பிய முக்களாலிங்கர், தெருவில் திருவாவடுதுறை மடத்துத் துறவியரைக் கண்டார். வணங்கித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். தந்தையார் அப்பொழுது வீட்டில் இல்லை. தாயார் இன்முகத்தோடு அவர்களுக்கு அமுது படைத்தார். அவ்விருந்தோம்பலைக் கண்டு மகிழ்ந்த சிறுவர் அங்கேயே ஒரு பாடல் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. துறவியர் வியந்தனர். பெற்றோர் இசைவு தர, சிறுவர் அவர்களோடு சென்றார். பின்னர் வேலப்ப தேசிகரிடம் தீக்கை பெற்றுச் சிவஞானம் என்னும் பெயர் தாங்கினார். தமிழையும் வடமொழியையும் ஒருங்கே கற்றுத் துறைபோயினார்.

ஒரு பொருளை உள்ளவாறு அறிவதற்குரிய வழிகளை ஆராய்வது அளவை நூல். இதனைத் தருக்கம் என்றும் வழங்குவர். சைவ சாத்திரங்கள் பிற சமயக் கொள்கைகளை எடுத்து ஆராய்ந்து செல்லுதலின், அளவை பயிலாதவன் அவற்றுட் புகுதல் அரிது. தமிழில் அளவைச் செய்திகள் இல்லாமல் இல்லை. மணிமேகலையிலேயே அவை விரித்துப் பேசப்படுகின்றன. எனினும், இளைஞர் படிப்படியாகக் கற்பதற்கேற்ற எளிய நூல் வடமொழியில் இருந்தது. ஆந்திர நாட்டைச் சார்ந்த அன்னம்பட்டர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய தருக்க சங்கிரகமே அது. 7 பதார்த்தங்களையும், 9 திரவியங்களையும், 24 குணங்களையும் சின்னஞ்சிறு நூலில் அடக்கி, அதற்குத் தீபிகை என்னும் உரையையும் அவரே எழுதியிருந்தார். நூலையும் உரையையும் சிவஞான முனிவர் தமிழாக்கினார்.

அப்பணி எளியதன்று. நிலம், நீர் போன்ற சொற்கள் எவர்க்கும் தெரிந்தவை. ஆயின், கலைச்சொற்கள் அத்தகையன அல்ல. மரத்தில் பறவை வந்து அமர்வதும் சேர்க்கை. ஆடையில் நூல் கலந்திருப்பதும் சேர்க்கை. பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரு சொல்லே போதும். பறவை பறந்துவிடும், மரம் மரமாகவே நிற்கும். ஆனால் நூலைப் பிரித்தால் ஆடை என்பதே இல்லை. முன்னதைச் சையோகம் என்றும், பின்னதைச் சமவாயம் என்றும் தருக்க நூலார் பிரித்தனர். இரண்டையும் ஒரு சொல்லால் பெயர்த்துவிட்டால் நூலின் அடிப்படையே சரிந்துவிடும்.

மலையில் நெருப்பு உண்டு; புகை உண்மையால்; அடுக்களை போல என்பது தருக்க நூலார் யாவரும் காட்டும் எடுத்துக்காட்டு. இங்கு மலை பக்கம், புகை ஏது, புகையுள்ள இடமெல்லாம் நெருப்பும் இருக்கும் என்னும் நியதி வியாத்தி. பொதிய மலை முகட்டில் தவழும் மஞ்சினைப் புகையென்று கொண்டு, அங்கே நெருப்புண்டு என்று துணிபவன் பிழைபடுவான். நியதியில் பழுதில்லை, அவன் கண்ட ஏதுவே போலியாயிற்று. சொற்களைத் திட்டமாக வரையறுத்தாலன்றி இவ்வேறுபாட்டை மாணவனுக்கு உணர்த்த இயலாது.

பக்ஷம் பக்கமாவதும், ஹேது ஏதுவாவதும் நன்னூல் கூறும் வடமொழியாக்க விதிகளின் வழிப்பட்டன. அந்நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைத் திருத்தியவரும் சிவஞான முனிவரே. எனவே, எவ்வெழுத்து எவ்வாறு திரியும் என்பது அவர் நன்கறிந்த செய்தி. மகாபாஷ்யம் என்பதை மாபாடியம் என வழங்கும் பெயரிலேயே அம்மரபு விளங்கும். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. அதற்கு முனிவர் வகுத்த பேருரையே மாபாடியம். சிவஞானபோதம் வடமொழியினின்று தமிழில் வந்தது என்பது முனிவரின் கொள்கை. பிற்கால அறிஞர் பலர் இதனை மறுத்து, தமிழ்நூலே முதல்நூல் என்றனர்.

முனிவர் காஞ்சியில் பலகாலம் தங்கினார். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் அவர் இயற்றியது. இரண்டாம் காண்டத்தை அவர் மாணவராகிய கச்சியப்ப முனிவர் பாடினார். மாணவரிடம் அன்பு மிக்க அவர், மறுப்பு எழுதப் புகுந்தால் சிறிதும் நெகிழமாட்டார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்குச் சூறாவளி என்றே பெயரிட்டார். விடை கூற வைத்தியநாதர் அக்காலத்தில் உயிரோடு இல்லை. அந்நூலில் நுட்பம் மிகுதி, கடுமையும் மிகுதியே.

1785ஆம் ஆண்டில் சிவஞான முனிவர் திருவாவடுதுறையில் இறைவன் திருவடி எய்தினார். அவர் தமிழாக்கிய தருக்க நூலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சிட்டு வெளியிட்டார். மாபாடியமோ நெடுங்காலம் ஏட்டு வடிவிலேயே இருந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது.