தந்தி ஊழியர் ஜனாதிபதி ஆனார்!

தென் அமெரிக்காவில் மிகப் பெரிய நாடு பிரேசில். அந்த நாட்டைக் கார் செய்யும் நாடாக மாற்றியவர், ஜூசெலினோ குபிசெக்.

இரவில் வேலை, பகலில் படிப்பு

குபிசெக் 1902-ம் ஆண்டு டயமான்டினா என்ற ஊரில் பிறந்தார். அது வைரம் தோண்டிய ஊர். ஆனால், குபிசெக் வீட்டில் வறுமைதான்!

அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. அந்தச் சம்பளத்தில் மகனை வளர்த்தார்.

டாக்டருக்குப் படிக்க குபிசெக் ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை. இரவில் தந்தி ஆபீசில் வேலை பார்த்தார். பகலில் படித்தார். 1927-ல் டாக்டர் ஆனார்.

பிறகு அரசியலில் இறங்கினார். மேயர், கவர்னர் என்று உயர்ந்தார். 1956 ஜனவரியில் ஜனாதிபதி ஆனார்.

50 ஆண்டு வேலையை 5 ஆண்டில் முடிப்பதாக அவர் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

காப்பியும் காரும்

அப்போது பிரேசில் காப்பிக்கொட்டை விற்றுப் பிழைத்தது. காப்பி விலை இறங்கினால் நாட்டின் வருமானமும் இறங்கும். கார்களும் உதிரி பாகங்களும் வெளிநாட்டில் இருந்து வந்தன. காப்பி விற்ற பணத்தில் ஒரு பங்கு அதற்கே போயிற்று.

குபிசெக் ஒரு திட்டம் போட்டார். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரலாம். சலுகை உண்டு. ஆனால், பாகங்களை பிரேசிலிலேயே செய்ய வேண்டும். 1960-க்குள் காரின் எடையில் 95 சதவீதம் உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும்!

கம்பெனிகள் வந்தன. சாவோ பாலோ அருகே தொழிற்சாலைகள் எழுந்தன. 1957-ல் சுமார் 30 ஆயிரம் வண்டிகள் தயாராயின. 1960-ல் 1 லட்சத்து 33 ஆயிரம்! வறண்ட வடகிழக்குப் பகுதி ஏழைகள் வேலை தேடி அங்கே குவிந்தார்கள்.

பிரேசிலியா என்ற புதிய தலைநகரையும் அவர் கட்டினார். 1960 ஏப்ரல் 21-ந் தேதி அது திறக்கப்பட்டது.

விலை ஏறியது

இத்தனைக்கும் பணம் வேண்டுமே? கடன் வாங்கினார். நோட்டு அச்சடித்தார். சாமான்களின் விலை ஏறியது. ஏழைகள் திண்டாடினார்கள். 1961-ல் அவர் பதவியை விட்டு இறங்கியபோது, கடன் சுமை அடுத்தவர் தலையில் விழுந்தது.

1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. குபிசெக்கின் அரசியல் உரிமையை 10 ஆண்டுகளுக்குப் பறித்தது. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார்.

சாலையில் மரணம்

1976 ஆகஸ்டு 22-ந் தேதி, சாவோ பாலோவில் இருந்து ரியோ நகருக்குப் போகும் சாலையில், குபிசெக் சென்ற கார் லாரியுடன் மோதியது. அவரும் டிரைவரும் இறந்தார்கள். குபிசெக்குக்கு அப்போது வயது 73.

அவர் சென்ற கார், பிரேசிலில் செய்த கார்.

அவருடைய உடல், அவர் கட்டிய பிரேசிலியாவில் அடக்கம் செய்யப்பட்டது.