பினோத் பிஹாரி முகர்ஜி: விரல்களால் மரம் செய்தவர்

எங்கள் லிங்கநகர் துறைமுகத்தை ஒட்டிய இடம். கடல், குன்று, நகரத் தெருவில் கூச்சமில்லாமல் திரியும் மான் என்று வரைவதற்குப் பஞ்சமில்லை. இருந்தும் சித்திரப் பாடத்தில் இயற்கைக் காட்சி என்றால், இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை என்றுதான் அநேகமான கொப்பிகளில் இருக்கும். இந்த வங்காள ஓவியரைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்தது அதனால்தான். அவருக்குக் கிடைத்த பார்வை மிகக் கொஞ்சம். அதைக்கொண்டு அவர் உண்மையாகவே பார்த்தார்.

பினோத் பிஹாரி 1904இல் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மற்றக் கண்ணிலும் கிட்டப்பார்வை. ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் படிக்கச் சேர்ந்து, 1919இல் அங்கிருந்த கலாபவனத்தில் ஓவியம் பயிலத் தொடங்கினார். இந்தக் கண்ணோடு இவர் எப்படி ஓவியராவார் என்று ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினாராம். ஆர்வமாகச் செய்கிறார் என்றால் விட்டுவிடுங்கள் என்பது தாகூரின் எண்ணமாக இருந்தது. அந்த ஒரு முடிவு வேறுவிதமாகப் போயிருந்தால் நான் எழுத இங்கே ஒன்றும் இருந்திராது.

சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள பீர்பூம் பசுமை கொழிக்கும் நாடல்ல. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களும் ஆங்காங்கே தனித்து நிற்கும் மரங்களுமே அங்கு அதிகம். அதைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். 1924இல் சாந்திநிகேதன் காட்சிகளை ஏறக்குறைய 44 அடி நீளமான ஒரு சுருளில் தீட்டினார். சுருள் ஓவியத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது; விரித்து விரித்து, கிட்ட வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வைக்காரர் உலகத்தைப் பார்ப்பதும் அப்படித்தானே! தன் குறைக்கு ஏற்ற வடிவத்தை அவர் கண்டுகொண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

1940இல் மாணவர் விடுதியின் உட்கூரையில் ஒரு குளத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் பீர்பூம் கிராமத்து மரங்களையும் மனிதர்களையும் விலங்குகளையும் வரைந்தார். படுத்தபடி அண்ணாந்து பார்த்தால் ஊர் முழுக்க மேலே இருக்கும். 1946–47இல் ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்கால ஞானிகளின் வாழ்வைத் தீட்டினார். நம் தமிழ்நாட்டு இராமானுசர் அதில் இருக்கிறார். நெசவாளர் கபீர் இருக்கிறார். கண்பார்வையற்ற கவி சூர்தாசரும் இருக்கிறார். சூர்தாசரை வரைந்து பத்து ஆண்டுகள் கழிந்த அளவில், வெண்புரைச் சத்திரசிகிச்சை ஒன்று பிழைத்துப்போக, ஐம்பது தாண்டிய வயதில் ஓவியரும் முழுவதுமாகப் பார்வையை இழந்தார்.

வேறொருவர் என்றால் தூரிகையோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார். இவர் பொருளை மாற்றினார். மெழுகைப் பிசைந்து சிறு உருவங்கள் செய்தார். நிறக் காகிதங்களை வெட்டி ஒட்டினார். காகிதத்தின் நிறம் எது என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். வடிவத்தைச் சொல்ல எவரும் வேண்டியதில்லை, அது கையில் இருந்தது. எங்கள் உம்மம்மா பார்வை மங்கிய பிறகும் பன்பாய் இழைத்ததைப் பார்த்தவள் என்பதால் இது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை. ஆனால் உம்மம்மாவுக்குப் பழைய வேலை; இவருக்கோ புதிய வேலை.

1972இல் கலாபவனச் சுவர் ஒன்றில், காகிதத்தை மடித்துத் தான் அமைத்த உருவங்களைக்கொண்டு, சுட்ட மண் ஓடுகளால் பெரிய சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார். அதே ஆண்டில் அவரது பழைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பினோத் பிஹாரி கலை வரலாறும் கற்பித்தார், வங்காளத்தில் எழுதவும் செய்தார். 1980இல் காலமானார்.

அவர் மனைவி லீலாவும் ஒரு சிற்பி. மகள் மிருணாளினி சணல் கயிற்றைக் கையால் முடிச்சிட்டு முடிச்சிட்டு, ஆள் உயரத்துக்கும் மேலாகச் செடிகளையும் பூக்களையும் போன்ற உருவங்களைச் செய்தார்.