பார்த்துப் படிக்கச் சொன்ன பேராசிரியர்

டென்மார்க் நாட்டில் 1588-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓலே வோர்ம். கோபனேகன் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். ஏட்டறிவு மட்டும் போதாது, மாணவர் பொருளை நேரில் கண்டு தெளிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகவே கற்கள், சிப்பிகள், விலங்குகளின் எலும்புகள், வேற்று நாட்டுக் கருவிகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தார். மன்னர்களும் பொன் கொடுத்து வாங்கிய ‘ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு’, உண்மையில் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் பல்லே என்பதை, அதன் மண்டையோட்டை ஆராய்ந்து 1638-இல் மெய்ப்பித்தார்.

1654-இல் கோபனேகனில் கொள்ளைநோய் பரவியது. நோயாளிகளை விட்டகலாது பணியாற்றிய அவரையும் அது பலிகொண்டது. தொகுப்பு, மன்னர் மூன்றாம் பிரெடரிக்கின் அரும்பொருட் கூடத்தைச் சேர்ந்தது. 1655-இல் வெளிவந்த அவரது நூலின் முகப்புப் படத்திலோ, தரை முதல் கூரை வரை பொருள்கள் நிறைந்த அவ்வறையை இன்றும் காணலாம். நண்பர்களே, ஏட்டோடு நில்லாது நாமும் பார்த்துப் படிப்போமாக!