மண்ணிடம் பாடம் கற்ற ஆல்பர்ட் ஹோவர்ட்

ஒரே கடையில் வாங்கிய மிளகாய் விதைகளை இரண்டு வீட்டார் தத்தம் தோட்டத்தில் விதைக்கிறார்கள். இருவரும் தவறாமல் நீர் ஊற்றுகிறார்கள். ஆயினும், ஒரு வீட்டில் செடிகள் செழித்துக் காய்க்கின்றன. மற்றொரு வீட்டில் இலைகள் மஞ்சளாகி வாடுகின்றன. விதையும் நீரும் ஒன்றாக இருக்கும்போது வேறுபாட்டை மண்ணில்தான் தேட வேண்டும்.

கோலாலம்பூரிலுள்ள பிரிக்பீல்ட்ஸ், ஒரு காலத்தில் அங்கிருந்த செங்கல் சூளைகளால் அப்பெயர் பெற்றது. செங்கல் அறுக்க ஏற்றது களிமண். அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்பவை. அதனால் களிமண்ணில் சத்து தங்கும். ஆனால், மழைநீர் எளிதில் வடியாது. வேருக்குக் காற்றும் எட்டாது. மணற்பாங்கான நிலமோ இதற்கு நேர்மாறானது. காற்று தாராளமாகப் புகும். நீரும் சத்தும் நிற்காமல் ஓடிவிடும். இவ்வாறு, மண்ணின் தன்மைக்கும் பயிரின் வளத்துக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கே தம் வாழ்வை அர்ப்பணித்தவர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

ஹோவர்ட் 1873ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அதே ஆண்டில்தான் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் வான் லீபிக் மறைந்தார். பயிர்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கொண்டே வளர்கின்றன என்பதை உலகறியச் செய்தவர் லீபிக். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே பயிரின் வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் என்ற விதியையும் அவர் பரப்பினார். வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும், உளுந்து இருக்கும் அளவுக்குத்தானே தோசைமாவு அரைக்க முடியும்! பயிரின் நிலையும் அதுவே.

லீபிக்கின் கருத்துகள் செயற்கை உரங்களுக்கு வழி திறந்தன. ஹோவர்ட் வளர்ந்த காலத்தில், மண்ணில் குறையும் சத்தை மூட்டையிலிருந்து கொட்டினால் போதும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருந்தது. கேம்பிரிட்ஜில் பயின்ற ஹோவர்ட், 1899ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராயும் பணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு மனக்குறை ஏற்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நோயுற்ற இலைகளை ஆராய்ந்தாரே தவிர, தாமே பயிரிட்டுப் பார்க்க அவருக்கு நிலம் இல்லை. தாம் செய்து பார்க்காத ஒன்றை உழவர்களுக்கு எப்படி அறிவுரையாகச் சொல்வது என அவர் தயங்கினார்.

அந்தக் குறை 1905ஆம் ஆண்டு நீங்கியது. இந்தியாவின் பீகார் மாநிலத்திலுள்ள பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர் தாவரவியல் வல்லுநராகப் பொறுப்பேற்றார். பயிரிடுவதற்கு 75 ஏக்கர் நிலமும் கிடைத்தது. அவருடைய மனைவி கேப்ரியலும் தேர்ந்த தாவரவியல் அறிஞர். இருவரும் இணைந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை வகைகள் புகழ்பெற்றன.

ஆனால், ஹோவர்ட்டை மிகவும் கவர்ந்தது பூசாவைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் வயல்கள்தாம். அங்குள்ள உழவர்கள் பூச்சிமருந்து வாங்கியதில்லை. மூட்டை உரமும் இட்டதில்லை. ஆயினும் அவர்களின் பயிர்கள் நோயின்றி வளர்ந்திருந்தன. ஆட்சி செய்யும் நாட்டிலிருந்து வந்த அறிவியலாளர், எழுத்தறியாத உழவர்களைத் தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். அன்றைய சூழலில் அது எளிதான செயலன்று.

அவருடைய ஆய்வுமுறைக்கு அவுரிச் செடி நல்ல சான்றாகும். நீலச் சாயம் தரும் அவுரி, பீகாரில் மழைக்காலம் வந்ததும் வாடத் தொடங்கியது. தோட்ட முதலாளிகள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்துவிட்டது என்ற கருத்தும் எழுந்தது. ஹோவர்ட் தம்பதியர் செடியின் இலையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடவில்லை. மண்ணைத் தோண்டி, வேர்களின் மேல் நீரைப் பீய்ச்சிக் கழுவி, அவற்றைக் கவனமாக ஆராய்ந்தனர். மெல்லிய வேர்கள் அழிந்திருந்தன. மழையில் இறுகிய மண்ணுக்குள் காற்று புக முடியாமல் போனதே அதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர். சத்து மண்ணில் இருந்தாலும், அதை உறிஞ்சும் வேர் மூச்சுவிட முடியாவிட்டால் செடிக்குப் பயனில்லை. எனவே, வயலில் தேங்கும் நீரை வடியச் செய்வதும் உரமிடுவதைப் போன்றே இன்றியமையாதது என ஹோவர்ட் வலியுறுத்தினார்.

பூசாவில் பூச்சிக்கு ஒரு பிரிவு, நோய்க்கு ஒரு பிரிவு, வேதியியலுக்கு ஒரு பிரிவு எனப் பணிகள் பிரிந்து கிடந்தன. பயிரை முழுமையாகப் பார்க்க விரும்பிய ஹோவர்ட்டுக்கு அந்த வேலி தடையாக இருந்தது. 1924ஆம் ஆண்டு அவர் இந்தூர் நகருக்குச் சென்று புதிய ஆய்வு நிலையம் ஒன்றின் இயக்குநரானார். அங்கிருந்தது பருத்தி விளையும் கரிசல் மண். கோடையில் வெடித்துப் பிளக்கும். மழையில் சேறாக ஒட்டும். இத்தகைய மண்ணையும் பண்படுத்தக்கூடியது மட்கு என அவர் கண்டார். மட்கு களிமண்ணைப் பொலபொலப்பாக்கும். மணலில் நீரைப் பிடித்து வைக்கும். சத்துகளைச் சிறிது சிறிதாக வேருக்கு வழங்கும். எண்ணற்ற நுண்ணுயிர்களுக்கு உணவாகும்.

ஆனால், அத்தனை நிலத்துக்கும் வேண்டிய மட்கை எங்கே பெறுவது? ஹோவர்ட்டும் அவருடைய உதவியாளர் யஷ்வந்த் வாட் என்பவரும் விடை கண்டனர். சருகு, தட்டை, களை ஆகியவற்றை மாட்டுச்சாணம், தொழுவத்து மண், மரச்சாம்பல் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குவித்தனர். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டனர். காற்றுப் புகுவதற்காகக் குவியலை இடையிடையே கிளறிவிட்டனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் குப்பை, மணமுள்ள கருமையான எருவாக மாறியது. ஆசிய உழவர்களின் பழைய அறிவையும் புதிய அறிவியலையும் இணைத்த இம்முறை, இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. 1930ஆம் ஆண்டு கேப்ரியல் மறைந்தார். மறு ஆண்டு, வாட்டுடன் இணைந்து எழுதிய நூலை வெளியிட்டுவிட்டு ஹோவர்ட் தாயகம் திரும்பினார்.

இந்தூர் முறை பல நாடுகளுக்கும் பரவியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், சிங்கப்பூர் சுகாதாரத் துறை அதிகாரி டாக்டர் ஷார்ஃப், தம் துறையில் பணியாற்றிய சுமார் 500 தமிழ்த் தொழிலாளர்களுக்குக் காய்கறித் தோட்டம் அமைத்துக்கொள்ள வழிசெய்தார். எரு தயாரித்துப் பயிரிட்ட அத்தொழிலாளர் குடும்பங்களின் உடல்நலம் மேம்பட்டதாக அவர் எழுதினார். நல்ல மண், நல்ல உணவு, நல்ல உடல் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் வளையங்கள் என நம்பிய ஹோவர்ட், அச்செய்தியைத் தம் நூலில் இடம்பெறச் செய்தார்.

1934ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1940ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட வேளாண்மை நூல், இயற்கை வேளாண்மைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. செயற்கை உரங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எல்லாக் கருத்துகளையும் அறிவியல் உலகம் ஏற்கவில்லை. வளமான மண்ணில் விளையும் பயிரை நோய் அண்டாது என்ற கூற்று அவற்றுள் ஒன்று. ஆயினும், உரம் மட்டும் போதாது, மண்ணின் நலமும் வேண்டும் என்பதை இன்று மறுப்பாரில்லை. 1947ஆம் ஆண்டு ஹோவர்ட் இயற்கை எய்தினார்.

நம் நாட்டில் கனமழை மண்ணிலுள்ள சத்துகளை அடித்துச் செல்கிறது. அதனால் பல இடங்களில் மண் அமிலத்தன்மை மிகுந்து காணப்படுகிறது. இங்கு உழவர்கள் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைக்கிறார்கள். செம்பனைத் தோட்டங்களில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் வெற்றுக் குலைகளை மீண்டும் மரத்தடியில் பரப்புகிறார்கள். உரத்தை அளவறிந்து இடுவதோடு, நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பித் தருவதும் நம் கடமையாகும். சமையலறைக் காய்கறித் தோலும் உதிர்ந்த சருகும் குப்பைத் தொட்டிக்குரியவை அல்ல. அவை நாளைய மண்ணுக்குரியவை.